காஜா பேராங்கின் பிரம்பு நாற்காலி விமானம்

மலாக்காவில் நான் முதன்முதலாகப் பேச்சுக் கொடுத்த மனிதர் எனக்குப் பதிலே சொல்லவில்லை. தம்பின் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்ட பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவர் நெற்றியின் விபூதி தெரிந்தது. நம்ம ஆள்தான் என்ற தைரியத்தில், “ஐயா, காஜா பேராங் வந்தா கொஞ்சம் சொல்றீங்களா?” என்று கேட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே இருந்தார். சத்தத்தில் கேட்கவில்லையோ என்று எழுந்து குனிந்து மறுபடியும் கேட்டேன். கழுத்துகூட அசையவில்லை.

கண்டக்டர் வந்து என் தோளைத் தட்டினார். தலையில் வெள்ளைத் தொப்பி, காதில் பென்சில், நாற்பது வயதிருக்கும். பெயர் மைதீன் என்று பிறகு தெரிந்தது.

“தம்பி, உக்காருங்க. சக்கரம் உருளும்போது அவருக்குக் காது கிடையாது. எதுவா இருந்தாலும் வண்டி நின்ன பொறவு.”

“சரி பாய், நீங்களாவது சொல்லுங்க. காஜா பேராங் எப்ப வரும்?”

“அது அப்பவே போயிடுச்சே.”

கடைசி நிறுத்தத்தில் இறங்கி, என் தகரப் பெட்டியோடு ஒரு சீனரின் மூன்று சக்கர ரிக்‌ஷாவில் வந்த வழியே திரும்பினேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. நான் மெக்கானிக் என்ற ரோஷத்தில் கூடவே உட்கார்ந்து மாட்டினேன். இருவர் கையும் ஒரே மாதிரி கறுத்துப்போயிற்று. அவர் என் கையையும் தன் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மலாய் மொழியில் என்னவோ சொல்லிச் சிரித்தார். அந்தச் சத்தத்தை அப்படியே வாயில் வைத்துக்கொண்டு போய் நண்பன் தர்மலிங்கத்திடம் ஒப்பித்தேன். “இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே கம்பெனி ஆளுங்க” என்றாராம்.

யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சிகரெட் அட்டையின் உட்பக்கத்தில் குறித்து வைப்பது என் வழக்கம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்தது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இயந்திரக் கையேடுகளும் மனிதர்களின் வாயும்தான். அந்த மலாக்கா அட்டைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. மை பழுப்பேறிவிட்டது. பேசியவர்களின் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தர்மலிங்கம் மலாக்காக்காரன். காலேஜ் படிக்க மெட்ராஸ் வந்தவன், மீனம்பாக்கம் ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். பக்கத்துப் பட்டறையில் டக்கோட்டா விமானங்களுக்கு நட்டு முடுக்கிக்கொண்டிருந்தவன் நான். டீக்கடை பெஞ்சில் பிடித்த சிநேகம். மலாயாவுக்கு விடுதலை கிடைத்த மறுவருஷம், சிங்கப்பூரில் ஒரு விமானக் கம்பெனி உள்ளூர்க்காரர்களையும் பைலட்டாகச் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டான். வரச்சொல்லிக் கடிதம் வந்தது, கப்பல் ஏறிவிட்டான். லாக் புக்கை மட்டும் விட்டுவிட்டான்.

ஒரு பைலட் எத்தனை மணி நேரம் பறந்தான், யாரோடு பறந்தான் என்பதெல்லாம் கையெழுத்தோடு இருக்கிற நோட்டு அது. அவனுடைய நோட்டு பயிற்றுநரின் கையெழுத்துக்குப் போயிருந்தது, பயிற்றுநர் லீவில் போயிருந்தார். அவர் திரும்பிக் கையெழுத்துப் போட்டதும் அதை நான் வாங்கிக்கொண்டேன். அது இல்லையென்றால் லிங்கம் ஆகாயத்தில் இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. தபாலை நம்ப எனக்கு மனசில்லை, லீவும் மீதமிருந்தது, கிளம்பிவிட்டேன். டிக்கெட், பாஸ்போர்ட், கப்பலில் எடுத்த வாந்தி, இதையெல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது.

காஜா பேராங் என்றால் கோபக்கார யானை என்று அர்த்தமாம். நான் போனபோது நாய்கூடக் கோபப்படாத தெருவாக இருந்தது. பலகை வீடு, தகரக் கூரை, முற்றத்தில் ரம்புத்தான் மரம். லிங்கம் நோட்டை வாங்கி, கன்னத்தில் ஒற்றிக்கொண்டு, “மெட்ராஸ்காரன் காப்பாத்திட்டான்மா” என்று உள்ளே ஓடினான். அவன் அம்மா பாக்கியம் எட்டிப் பார்த்து, “பசியாறினீங்களா தம்பி?” என்றார். வந்தவனிடம் பயணம் எப்படி என்று கேட்கவில்லை, வயிற்றைத்தான் கேட்டார். எங்கள் பல்லாவரத்தில் ‘எப்ப ஊருக்குத் திரும்புறே?’ என்பதுதான் முதல் கேள்வி.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிகள். பல தலைமுறைக்கு முன் வியாபாரத்துக்கு வந்த தமிழர்களின் வம்சம். வீட்டுக்குள் மாரியம்மன், நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். அந்த வீட்டு அம்மா, மாக் தங்கம், கெபாயா சட்டையும் சாரோங்குமாக வேலியோரம் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தியாவுலேருந்து ஏரோப்ளேன் வைத்தியன் வந்திருக்கானாமே, இவனா? இவனுக்கே ரெண்டு வேளை கஞ்சி கொடுக்கணும்போல இருக்கே” என்று அவர் சொன்னதை லிங்கம் வெட்கமில்லாமல் மொழிபெயர்த்தான்.

சாயங்காலம் காக்கி உடுப்பில் ஒருவர் உள்ளே வந்தார். நெற்றியில் விபூதி. பஸ் டிரைவர் ஆறுமுகம், லிங்கத்தின் அப்பா. என்னைப் பார்த்ததும் நின்றார். “நீங்கதானா அது. சடக்குல கேட்டீங்களே, காஜா பேராங் எதுன்னு. இதுதான்.”

சடக்கு என்றால் அங்கே சாலை. கேட்டு நான்கு மணி நேரம் கழித்துக் கிடைத்த பதில். அதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை, கடமையாகச் சொன்னார்.

அன்று சாப்பாட்டில் சிஞ்சாலோக் வைத்தார்கள். பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்தது, எலுமிச்சை பிழிந்து வெங்காயம் மிளகாய் நறுக்கிப் போட்டது. முதல் வாய்க்கு என் காது அடைத்தது. மூன்றாவது வாய்க்கு மெட்ராஸ் ஊறுகாய்கள் எல்லாம் சின்னப் பிள்ளைகளாகத் தெரிந்தன.

லிங்கம் சிங்கப்பூரில் போய் நிற்க இன்னும் எட்டு நாள். முதல் வாரமே சோதனை, தேறாதவர்கள் ஊர் திரும்ப வேண்டியதுதான். அவன் ஓட்டியது ஒற்றை இயந்திரக் குஞ்சு விமானம். கம்பெனியில் இருப்பதோ இரட்டை இயந்திர டக்கோட்டா. அதன் உள்ளே அவன் உட்கார்ந்ததே இல்லை. எனக்கு அதில் உட்கார்ந்துதான் வேலை. எனவே மறுநாள் காலையில் கூடத்திலேயே ஒரு டக்கோட்டா கட்டினோம்.

இரண்டு பிரம்பு நாற்காலி. நடுவே கவிழ்த்த மரப்பெட்டி. எதிர்ச் சுவரில் பழுப்புக் காகிதம் ஒட்டி, தட்டையும் டம்ளரையும் வைத்து வட்டம் போட்டு, ஞாபகத்திலிருந்து கடிகாரங்கள் அத்தனையும் வரைந்தேன். பெட்டியில் துளையிட்டுக் கரண்டிகளைச் செருகினேன். இவை வேகத்துக்கு, இவை விசிறிக்கு, இந்தத் தோசைத் திருப்பி வால் சக்கரப் பூட்டு.

“என் கரண்டி எல்லாம் ஆகாயத்துக்குப் போயிடுச்சு. சாம்பார இனிமே கையால கிண்டவா?” என்றார் பாக்கியம் அம்மா. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாக் தங்கம் இரண்டு கொட்டாங்கச்சி அகப்பையை நீட்டினார்.

அந்தத் தோசைத் திருப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டக்கோட்டாவின் வாலடியில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. தரையில் திரும்பும்போது அது இஷ்டம்போல் சுழலும். ஓடுபாதையில் வேகமெடுக்கும் முன் அதை நேராக நிறுத்திப் பூட்டிவிட வேண்டும். மறந்தால், பாதி ஓட்டத்தில் விமானம் குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறது. அதன் இறக்கையை நிமிர்த்த மூன்று மாதம் ஆயிற்று. உள்ளே இருந்த ஒருவரை நிமிர்த்தவே முடியவில்லை.

அதனால் பைலட்டுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவ்வளவு பழகினவராக இருந்தாலும் மனப்பாடத்தை நம்பமாட்டார்கள். வலப்பக்கம் உட்காரும் இளையவர் ஒரு அட்டையைப் பார்த்து ஒவ்வொரு வேலையாக வாசிப்பார். இடப்பக்கம் இருக்கும் கேப்டன் கை வைத்துச் செய்துவிட்டு ‘ஆச்சு’ என்பார். கடைசி வரி முடிந்தால்தான் புறப்பாடு. நான் கேப்டனானேன், லிங்கம் வாசித்தான். இரண்டு நாளில் கண்ணைக் கட்டிவிட்டாலும் கரண்டியைத் தொடுவான் என்கிற அளவுக்குத் தேறிவிட்டான். ஒருமுறை நான் காதைச் சொறிந்துகொண்டே சோம்பலாக, “வால் சக்கரம் பூட்டியாச்சு” என்றேன். “கை எங்கடா இருக்கு? பூட்டு உன் காதுலயா இருக்கு?” என்று என் முழங்கையில் அடித்தான்.

ஜன்னலில் எப்போதும் இரண்டு முகம் இருக்கும். தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, “இன்னிக்கு எங்கே போறீங்க?” என்று மலாயில் கேட்பார். லிங்கம் பினாங்கு என்பான். “அப்ப என் தங்கச்சிக்கு இந்தக் கடிதாசியக் கொடுத்துடு” என்பார்.

மூன்றாம் நாள் முடிவெட்டப் போனோம். கம்பெனிக் கடிதத்தில், லாக் புக், கண் பரிசோதனைச் சீட்டு, கறுப்பு ஷூ என்ற வரிசையில் ‘ஒழுங்கான தலைமுடி’ என்றும் இருந்தது. முடிவெட்டுபவர் பெரியவர், ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து கடை போட்டவர், பழைய தோட்டக் கதைகளில் இறங்கிவிட்டார். கதை நீள நீளக் கத்திரியும் நீண்டது. கண்ணாடியில் லிங்கத்தின் கண் என்னைக் கெஞ்சியது. நான் சொல்லித்தான் நிறுத்தினார். அதற்குள் தலையில் அரை அங்குலம்தான் பாக்கி.

“வாயில என்ன கொழுக்கட்டையா? போதும்னு சொல்றதுக்கென்ன?” என்றேன் வெளியே வந்து.

“பெரியவரு, பேசிக்கிட்டு இருக்காரு. நடுவுல எப்படிடா?”

சிரித்துக்கொண்டே வந்தேன். அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

நான்காம் நாள் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனோம். அப்போது கடல் அங்கே திடலின் காலடியில் இருந்தது. இப்போது மண்ணைக் கொட்டி அதைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்கிறார்கள். ஒரு மரத்தடியில் செண்டோல் வாங்கிச் சாப்பிட்டோம். தேங்காய்ப்பால், பச்சை நூல் மாதிரி மாவு, ஐஸ் தூள், மேலே மலாக்காவின் பனைவெல்லப் பாகு. மெரினாவில் சுண்டல் விற்கிறவர்கள் இதைப் பார்க்காமலே வாழ்கிறார்களே என்று இருந்தது. பக்கத்தில் மூன்றாவது கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தவன் ஜோசப். போர்த்துக்கீசிய வம்சத்துப் பையன், லிங்கத்தோடு பள்ளியில் படித்தவன். முந்தைய பயிற்சித் தொகுதியில் அதே கம்பெனிக்குப் போனான். இப்போது ஒரு சைக்கிள் கடையில் இருந்தான்.

எப்படித் தேறவில்லை என்று கேட்க எங்களுக்குக் கூச்சம். அவனே ஆங்கிலத்தில் சொன்னான்.

“நான் வாசிச்சேன். கேப்டன் வரிசையா ‘ஆச்சு, ஆச்சு’ன்னு வந்தார். ‘வால் சக்கரம்’னேன், ‘பூட்டியாச்சு’ன்னார். அவர் கை மடியிலேயே இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்க்கலன்னு பொய் சொல்லமாட்டேன். ஆனா அவர் போர்ல பறந்தவர், என்னைவிட இருபது வயசு பெரியவர். அவரே பூட்டியாச்சுன்னா நான் யாரு? அடுத்த வரிய வாசிச்சேன். அவர் இயந்திரத்தை அணைச்சுட்டார். ‘நீ இப்ப நம்ம எல்லாரையும் கொன்னுட்டே’ன்னு மெதுவாச் சொன்னார். கத்தியிருந்தா தேவலாம்.”

செண்டோல் கரைந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது. ஜோசப் லிங்கத்தின் தொடையில் தட்டினான். “வாசிக்கத்தான் உன்னைக் கூப்பிடறாங்கன்னு நினைக்காதே. பார்க்கக் கூப்பிடறாங்க. பார்த்ததைச் சொல்லக் கூப்பிடறாங்க. அந்தத் தொகுதியில போன உள்ளூர்க்காரங்க மூணு பேரும் அதே இடத்துலதான் விழுந்தோம். இன்னொரு தடவை விழுந்தா, இந்த ஊர்க்காரங்களுக்கு இது வராதுன்னு எழுதிடுவாங்க.”

திரும்பும் வழியெல்லாம் லிங்கம் ஒரு கல்லை உதைத்துக்கொண்டே வந்தான். வீடு நெருங்கும்போது, “நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்” என்றான்.

“நான் தொடலன்னா மட்டும் பிடிக்கிறியே?”

“நீ வரதன்.”

உண்மைதான். நான் ஆயிரம் தடவை கேப்டனாக உட்கார்ந்தாலும் அவனுக்கு அது உதவாது. எவர் எதிரில் அவனால் வாய் திறக்க முடியாதோ அவர் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அப்படி ஒருவர் அந்த வீட்டிலேயே இருந்தார். யார் போய்க் கேட்பது என்பதுதான் கேள்வி. பாக்கியம் அம்மா, “நீங்க விருந்தாளி, உங்கள அடிக்கமாட்டாரு” என்று என்னைத் தள்ளிவிட்டார்.

ஐந்தாம் நாள் ஆறுமுகம் அவர்களுக்கு ஓய்வு. விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

“ஸ்டீரிங்கு ரெண்டு இருக்கே.”

“ரெண்டு பைலட்டுங்க.”

“எதுக்கு ரெண்டு?”

“ஒருத்தர் மறந்தா இன்னொருத்தர் சொல்றதுக்கு.”

“மறக்கறவன் ஏன் ஓட்றான்?” என்றார்.

ஆனாலும் காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டுதான் வந்து உட்கார்ந்தார். முதல் சிக்கல் அங்கேயே. லிங்கம் உட்காரவில்லை. அப்பாவுக்குச் சரிசமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்த பழக்கமே அவனுக்கு இல்லை. நான் தோளை அழுத்தி உட்கார வைத்தேன். விளிம்பில் தொற்றிக்கொண்டு, கோயிலில் பேசுகிற குரலில் வாசிக்க ஆரம்பித்தான்.

வால் சக்கரம் வந்ததும் அவர் என்ன செய்ய வேண்டும் என்று முன்பே காதில் போட்டிருந்தேன். கை மடியில். “பூட்டியாச்சு” என்றார். லிங்கத்தின் கண் தோசைத் திருப்பியில் நின்றது. அடுத்த வரியை வாசித்தான். மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடம். மூன்று தடவை.

“நான் தொடலன்னு பாத்தியா?” என்றார் ஆறுமுகம்.

“பாத்தேன்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“நீங்க ஆச்சுன்னு சொல்லிட்டீங்களேப்பா.”

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். சமையலறையிலிருந்து பாக்கியம் அம்மாவின் குரல் மட்டும் வந்தது: “வண்டி ஓட்றவங்கிட்ட பேசாத, பேசாதன்னு வளத்தாரு. இப்ப பேசலன்னு கோவம்.”

மறுநாள் முழுக்க அவர் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் லிங்கமும் நாற்காலியில் ஏறினோம், இறங்கினோம், ருசியே இல்லை. மாலையில் பஸ்ஸிலிருந்து வந்தவர், முகம் கழுவிக்கொண்டே, “நாளைக்கு ரெண்டு பேரும் என் வண்டியில வாங்க. தம்பி ஊரப் பாக்கட்டும்” என்றார். பாக்கியம் அம்மா கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. வீட்டு ஆட்களை அவர் தன் பஸ்ஸில் ஏற்றியதே கிடையாதாம். கவனம் சிதறும் என்று கல்யாணமான புதிதில் மனைவியையே வேறு பஸ்ஸில் அனுப்பியவராம்.

ஏழாம் நாள் காலை. முன் இருக்கையில் லிங்கம், பக்கத்தில் நான். பின்னால் கூடை நிறைய வாத்துகளோடு ஒரு சீனர். அவருக்குப் பின்னால் இரண்டு மலாய்ப் பெண்கள். மைதீன் மணியடித்தார், வண்டி உருண்டது. ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே எனக்கு வாடை வந்துவிட்டது. பிரேக் பட்டை கருகும் வாடை. இது தொழில் மூக்கு. கைபிரேக்கைப் பார்த்தேன். பாதி ஏறியபடியே நின்றிருந்தது.

சொல்ல வாயெடுத்தேன். மைதீனின் கை என் தோளில் விழுந்தது. ‘வண்டி நின்ன பொறவு’ என்ற பழைய அழுத்தம்தான். ஆனால் அவர் கண்ணிலும் கலக்கம் இருந்தது. லிங்கத்தைப் பார்த்தேன். அவன் அந்தக் கைபிரேக்கையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலைகளில் அது ஒன்று.

ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் ஓடின. மேட்டில் வண்டி முனகியது. பின்னால் ஒரு மலாய்ப் பெண் மற்றவளிடம், “ஏதோ கருகுதே, நான் அடுப்பை அணைக்காம வந்துட்டேனா?” என்றாள். மற்றவள், “உன் அடுப்பு வாடை இவ்வளவு தூரம் வருமா?” என்றாளாம், லிங்கம் பிறகு சொன்னான். வாத்துகள் கத்த ஆரம்பித்தன. பின் ஜன்னலில் மெல்லிசாகப் புகை தெரிந்தது. பஸ் முழுக்க எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் டிரைவரையும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“அப்பா” என்றான் லிங்கம்.

அவர் சாலையைப் பார்த்தபடி இருந்தார்.

“அப்பா, கைபிரேக்கு எடுக்கல.”

“எடுத்தாச்சு” என்றார்.

வண்டி ஓடும்போது அவர் வாயிலிருந்து வார்த்தை வந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அந்த வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம், நம் வீடுகளில் அதோடு பேச்சு முடிந்துவிடும். லிங்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

“இல்லப்பா. எடுக்கல. நான் பாத்தேன். வண்டிய நிறுத்துங்க.”

அவர் உடனே ஓரங்கட்டி நிறுத்தினார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்தார். ஒருவர் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார். சூட்டில் ஊற்றினால் இரும்பு வெடித்துவிடும் என்று தடுத்தேன். “அப்ப என் அடுப்பு இல்ல” என்று அந்த மலாய்ப் பெண் நிம்மதியாகக் கூடையை இறக்கினாள். வாத்துக்காரர் அடுத்த பஸ்ஸை எதிர்பார்த்துச் சாலையோரப் புல்லில் உட்கார்ந்தார்.

மைதீன் என்னைத் தனியே இழுத்தார். “சப்பான்காரன் போன நாள்லேருந்து இவரு கூடத்தான் ஓடறேன் தம்பி. அண்ணன் ஒருநா, ஒரேயொரு நா அத மறந்தது கிடையாது.”

பஸ் முதலாளி ஒரு சீனப் பெரியவர். வண்டியை மெதுவாக ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும், கருகிய பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எப்படி ஆயிற்று என்று மலாயில் கேட்டார். ஆறுமுகம், “மறந்துட்டேன்” என்றார். ஒரு வாரம் வண்டி எடுக்க வேண்டாம் என்றார் முதலாளி. லிங்கம் முன்னால் வந்து என்னவோ சொல்லப் போனான். அப்பா கையை நீட்டி மறித்தார். “இத நான் பாத்துக்கறேன். நீ உன் கேப்டனப் பாரு.”

நடந்து வீடு திரும்பும்போது துணிந்து கேட்டேன். “ஐயா, நெஜமாவே மறந்துட்டீங்களா?”

“மறந்துட்டேன்னு சொல்லியாச்சே தம்பி” என்றார். அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

எட்டாம் நாள் லிங்கம் கிளம்பினான். மாக் தங்கம் வாழையிலையில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டிக் கொடுத்து, அவன் நெற்றியில் திருநீறு பூசினார். “மெர்டேக்கா வந்தா துரைங்க போயிடுவாங்கன்னாங்க. போனா அந்த நாற்காலியில யாராவது உக்காரணுமே. நல்லா சாஞ்சு உக்காரு, விளிம்புல உக்காராதே” என்றார். மெர்டேக்கா என்றால் விடுதலை. ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். லிங்கம் அப்பாவின் காலைத் தொட்டான். அவர் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார், அவ்வளவுதான்.

நானும் சேர்ந்து கிளம்பியிருக்க வேண்டும். என் கப்பல் பத்து நாள் தாமதம் என்றார்கள். அந்தப் பத்து நாளில் நான் கண்டது, வண்டியில்லாத டிரைவர் எப்படி இருப்பார் என்பதை. காலையில் எழுந்து குளித்து, விபூதி இட்டு, காக்கி போட்டு, அப்புறம் ஞாபகம் வந்து கழற்றுவார். ரம்புத்தான் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றிய இடத்திலேயே மறுபடி ஊற்றுவார். வாரம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. கூடத்தில் டக்கோட்டா அப்படியே நின்றது. கரண்டிகளைத் திருப்பிக் கேட்ட பாக்கியம் அம்மாவிடம், “இருக்கட்டும், கடிதாசி வரட்டும்” என்றார். நாங்கள் மாக் தங்கத்தின் அகப்பையிலேயே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டோம். அந்த நாட்களின் மௌனத்தையும் தேங்காய்ப்பால் குழம்பின் ருசியையும் என்னால் இன்றும் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை.

நான் கிளம்புவதற்கு முதல் நாள் மதியம் தபால்காரர் வந்தார். அன்று ஜன்னலில் நின்று எதுவும் கேட்கவில்லை. கடிதத்தைக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறாமலே நின்றார். ஆறுமுகம் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கடிதத்துக்குக் கை நீட்டினார். பாக்கியம் அம்மா அதை என்னிடம் கொடுத்தார். “நீங்க படிங்க தம்பி. அவரு மனசுக்குள்ள படிச்சுட்டு மடிச்சு வச்சுடுவாரு.”

படித்தேன். முதல் பக்கம் முழுக்க விடுதி, கட்டில், கொசு, உப்பில்லாத உருளைக்கிழங்கு. இரண்டாம் பக்கத்தில் வந்தது.

‘ஐந்தாம் நாள் நிஜ விமானத்தில் ஏற்றினார்கள். ஓடுபாதை முனையில் நின்று வாசித்தேன். வால் சக்கரம் என்றேன். பூட்டியாச்சு என்றார் கேப்டன். கை பூட்டுக்குப் போகவில்லை. ஜோசப் சொன்ன அதே சோதனை என்று தெரிந்துவிட்டது. நீங்கள் தொடவில்லை என்றேன். தொட்டேன் என்றார், கொஞ்சம் எரிச்சலோடு. இல்லை சார், நான் பார்த்தேன், தயவுசெய்து போகவேண்டாம் என்றேன். அவர் கீழே பார்த்தார். இறங்கின பிறகுதான் சொன்னார், அது சோதனை இல்லை என்று. சோதனை மறுநாளுக்கு வைத்திருந்தாராம். அவர் நிஜமாகவே மறந்துவிட்டார்.’

கடைசி வரியையும் படித்தேன். என்னை வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தான்.

பாக்கியம் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். வெளியே தபால்காரர், “என்னவாம்?” என்று மாக் தங்கத்திடம் கேட்பது கேட்டது.

ஆறுமுகம் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். “அந்தக் கேப்டன் வைதாரா?”

“இல்லைங்க.”

“பின்ன என்ன சொன்னாராம்?”

திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் நெருக்கி எழுதியிருந்தான். “பூட்டைப் போட்டுட்டு, தேங்க் யூன்னு சொன்னாராம். இறங்கினதும் கைகுலுக்கினாராம்.”

அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.

“அப்ப அவரு நல்ல டிரைவருதான்” என்றார்.